பசியாறிட்டியா?

மலேசியாவின் மலாக்கா மாநிலத்து அலோர் காஜா மாவட்டத்தில், நெகிரி செம்பிலான் எல்லையை ஒட்டி இருக்கிறது லூபோக் சீனா. பக்கத்திலேயே லிங்கி ஆறு. இந்த வட்டாரத் தோட்டங்களில் ரப்பர் பால்மரம் வெட்டிக் காலம் தள்ளிய தாத்தா பாட்டிகளை இன்று நினைக்கத் தோன்றுகிறது.

வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் இருட்டோடு இருட்டாக, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டும். புருஷனுக்கு ஒரு நிரை, பெண்டாட்டிக்கு ஒரு நிரை. மரம் வெட்டி முடித்து, மரத்தில் மாட்டிய மங்கில் பால் சொட்டி நிறையும்வரை கொஞ்சம் ஓய்வு. அந்த நேரம்தான் அவர்களுக்கே அவர்களுக்கானது. தூக்குச்சட்டியில் வரக்கோப்பி, நாலு ரொட்டி. கொசுக்கடிக்கு நடுவே அவர் கேட்பார்: "பசியாறிட்டியா புள்ள?" தன் பங்கில் பாதியை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் கேட்பார். "நீங்க சாப்பிடுங்க" என்று அது திரும்பி வரும்.

பால் எடுக்கும்போது தன் வாளி நிறைந்ததும் அவர் உட்கார மாட்டார். அவள் நிரையில் மிச்சமிருக்கும் மங்குகளை வழிக்கப் போய்விடுவார்.

இந்தப் பந்தத்துக்குக் காகிதச் சாட்சி தேவைப்படவில்லை. முஸ்லிம் அல்லாதோரின் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 1982 மார்ச் 1-இல்தான் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் கோயிலில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்ட எத்தனையோ பேரிடம் சான்றிதழ்கூட இல்லை. ஆனாலும் ஐம்பது வருடம் சேர்ந்தே வாழ்ந்தார்கள்.

இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தாமான் குடியிருப்பு வீட்டு வாசலில் ஒரு தாத்தா, பாட்டியின் மருந்தை எண்ணி உள்ளங்கையில் வைக்கிறார். அதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறார்.

"பசியாறிட்டியா?"