கண்மாயை யாரிடம் ஒப்படைக்கிறோம்?

(காரைக்குடியில் நடந்த கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



பாசன நிர்வாகத்தை விவசாயிகளிடமே ஒப்படைத்தால் கண்மாய்கள் பிழைக்கும் என்று எனக்கு முன்னால் பேசிய தோழர் சொன்னார். பொதுப்பணித் துறையின் லட்சணம் தெரிந்த யாரும் அதை ஒரேயடியாக மறுக்க மாட்டார்கள். நானும் மறுக்கவில்லை. அந்த விவசாயி யார் என்பதுதான் என் கேள்வி.

என் தாத்தா நீர்பாய்ச்சி. ஆயக்கட்டில் அவருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. கண்மாய் நிறைந்து கிடக்கும்போது முங்கிப் போய் மடையைத் திறந்தவர் அவர்தான். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம், எந்த இடத்தில் கரை கசியும், தண்ணீர் குறைந்தால் எப்படிப் பங்கிடுவது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. கூலி, களத்தில் அளந்து போடும் நெல். ஊராருக்குச் சாவுச் சேதி சொல்லப் போவதும் அந்த நெல்லுக்குள்ளேயே அடக்கம். என் அப்பா அந்த வேலைக்குப் போகமாட்டேன் என்றார். சரியாகத்தான் சொன்னார். "அவங்க வராமப் போனதுலதான் கண்மாய் கெட்டுச்சு" என்று ஊரில் இன்றைக்கும் பேசுகிறார்கள். மாதச் சம்பளம் வைப்போம், எந்தச் சாதிக்காரரும் செய்யட்டும் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

இந்த மாவட்டத்துச் சருகணி ஆற்றுப் படுகையை ஆராய்ந்த டேவிட் மாஸ், 2003-இல் வெளிவந்த தன் நூலில் இதைத்தான் விரிவாகக் காட்டினார். பழைய கண்மாய் நிர்வாகம் சாதியோடும் கோயில் மரியாதையோடும் ஊர் அதிகாரத்தோடும் பின்னிக் கிடந்த ஒன்று. 'அந்தக் காலத்துக் குடிமராமத்து' என்று உருகுகிறவர்கள் 1858-ஆம் ஆண்டின் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டத்தை ஒருமுறை படிக்க வேண்டும். கரை உடைந்தால் பிடித்து வரச் சொன்னது 'உழைக்கும் வகுப்பினரை'. நிலக்கிழாரை அல்ல.

இப்போதைய சட்டத்துக்கு வருகிறேன். 2000-ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் நிலத்தை வைத்தே சங்கத்தைக் கட்டுகிறது. தமிழ்நாட்டு மக்களில் 20 விழுக்காடு தலித்துகள். நிலத்தில் அவர்கள் பங்கு அதில் பாதிகூட இல்லை. வரப்பில் நிற்பவருக்கும், களை எடுக்கும் பெண்ணுக்கும், கண்மாயில் ஆடு மேய்ப்பவருக்கும் அந்தச் சங்கத்தில் என்ன இடம்? 2017-இல் குடிமராமத்துத் திட்டம் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளோடு தொடங்கியது. பாசனதாரர் பங்கு 10 விழுக்காடு. பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம் என்றார்கள். உழைப்பு என்றால் யார் உழைப்பு என்பது இந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

ஒப்படைத்தால் செயல்திறன் கூடுமா? பிலிப்பைன்ஸிலும் மெக்சிகோவிலும் இதைச் செய்து பார்த்தார்கள். அரசின் செலவு குறைந்தது. விளைச்சல் கூடியதா, கடைமடைக்குத் தண்ணீர் போனதா என்று கேட்டால் இடத்துக்கு இடம் பதில் மாறுகிறது. நம் பொறியாளர்கள் எவ்வளவு மண் எடுத்தார்கள், எத்தனை ஏக்கர் பாய்ந்தது என்று அளக்கிறார்கள். கடைசி வயல் யாருடையது, அங்கே எத்தனை முறை தண்ணீர் போனது என்பதற்கு அவர்கள் படிவத்தில் கட்டம் இல்லை. எங்கள் பக்கம் அந்தக் கடைசி வயல் பெரும்பாலும் காலனிக்காரருடையது.

தண்ணீரைவிடப் பெரிய சண்டை பணத்தில் இருக்கிறது: மீன்பாசிக் குத்தகை, கருவேல மர ஏலம். ஊர்ப் பொதுச் சொத்தில் ஒரு தலித் கையெழுத்துப் போடுவதை இந்தச் சமூகம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்து மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனை 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள்.

ஆகவே ஒப்படைக்கட்டும், ஆனால் நிலமில்லாதவருக்கும் வாக்கு வேண்டும். நீர்பாய்ச்சி வேலைக்குச் சங்கக் கணக்கிலிருந்து சம்பளம் வேண்டும். முறைப் பட்டியலைக் காலனியிலும் ஒட்ட வேண்டும். ஏலக் கணக்கை கிராம சபையில் வாசிக்க வேண்டும்.

எங்கள் கண்மாயில் மீன்பாசி ஏலம் அடுத்த மாதம். ஏலம் எப்போதும் ஊர்ச் சாவடியில்தான் நடக்கும். எங்கள் தெருவிலிருந்து இதுவரை யாரும் அங்கே போய் உட்கார்ந்ததில்லை. இந்த முறை ஏழு பேர் போகிறோம், என் அம்மாவும் வருகிறார்.