முப்பது நாள் கணக்கு

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை முடித்துத் துண்டு வெட்டியாயிற்று; குறிகட்டுவானில் படகேறி ஒரு மணித்தியாலத்தில் நெடுந்தீவு. வீட்டுக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். மருத்துவக் கணக்கு வேறு. சத்திரசிகிச்சைக் காயத்தில் கிருமி தொற்றுகிறதா என்று 30 நாள்வரை பார்க்க வேண்டும். செயற்கை மூட்டு போன்றவை பொருத்தியிருந்தால் 90 நாள்வரை. இந்தத் தொற்றுகளில் கணிசமானவை வீடு திரும்பிய பிறகுதான் தெரியவருகின்றன.

ஆகவே கண்காணிப்பு வேலையில் பாதி வீட்டாருடையது. காயத்தைச் சுற்றிச் சிவக்கிறதா, சூடாயிருக்கிறதா, நோ குறையாமல் கூடுகிறதா, சீழ் வடிகிறதா, இழை போட்ட இடம் விரிகிறதா, காய்ச்சலா? ஒன்று கண்டாலும் 'கிளினிக் நாளுக்குக் காட்டுவம்' என்று இருக்காதீர்கள். தீவில் இன்னொரு சங்கடம்: கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. எனவே காலையில் கண்டதைக் காலையிலேயே உள்ளூர் வைத்தியசாலையில் காட்டுங்கள்.

சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் காயத்தைத் தொடக்கூடாது. மஞ்சளும் பச்சிலையும் சமையலுக்கு நல்லது, இழை போட்ட காயத்துக்கு வேண்டாம். சீனி வருத்தக்காரர் சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். புகைப்பவர்களுக்குக் காயம் ஆறச் சுணங்கும்.

சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த இடத்தை வீட்டில் பிளேட்டால் சவரம் செய்யாதீர்கள். பிளேட்டால் உண்டாகும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களே கிருமிக்கு வழிவிடும். முடி அகற்றத்தான் வேண்டுமென்றால் வைத்தியசாலையில் கிளிப்பரால் வெட்டிவிடுவார்கள்.