கற்போரும் கைதேர்ந்தோரும்

ஒரு கருவியை முதன்முறை தொடுபவரும் அதனோடு பத்தாண்டு பழகியவரும் ஒரே வகையான உதவியை வேண்டுவதில்லை. முன்னவருக்கு வழிகாட்டல் இன்றியமையாதது. பின்னவருக்கு அவ்வழிகாட்டலே இடையூறு. கணனிக்கு மென்பொருள் ஆக்குவோரை நெடுங்காலமாக வருத்திவரும் சிக்கல் இது. இதற்கு நல்லதொரு விடையைக் கண்டது, 1978 ஆம் ஆண்டில் வெளிவந்த வேர்ட்ஸ்ரார் என்னும் எழுத்தாக்க மென்பொருளாகும்.

சீமோர் ரூபின்ஸ்ரைன் நிறுவிய மைக்ரோபுரோ நிறுவனத்துக்காக ரொப் பார்ணபி என்பவர் இதனை எழுதினார். திரையின் மேற்பகுதியில் கட்டளைகளின் பட்டியல் தோன்றும். புதியவர் அதனைப் பார்த்துப் பார்த்தே எழுதலாம். ஆயின், எழுதுதற்குரிய இடத்தை அப்பட்டியல் விழுங்கிவிடும். ஆதலின் உதவியின் அளவு 3 முதல் 0 வரை நான்கு படிகளாக வகுக்கப்பட்டது. 3 ஆம் படியில் எல்லாப் பட்டியல்களும் தோன்றும். படி இறங்க இறங்க அவை மறைந்து, எழுதும் இடம் விரியும். எப்படியில் நிற்பது என்பதை எழுதுபவரே தீர்மானித்தார்.

இதனினும் நுட்பமானது மற்றொன்று. எழுதியதைச் சேமிப்பதற்குக் கொன்றோல் விசையோடு கே எழுத்தையும், அடுத்து எஸ் எழுத்தையும் அழுத்துதல் வேண்டும். இரண்டாம் எழுத்தை உடனே அழுத்தும் பழகிய கைக்குப் பட்டியல் எதுவும் குறுக்கிடாது. முதல் எழுத்தோடு தயங்கி நிற்பவருக்கோ, சிறிது நேரத்தில் உரிய பட்டியல் தானே தோன்றும். இவ்வாறு தயக்கமே வினாவாகக் கொள்ளப்பட்டது. மேலும், புதியவர் பயின்ற விசைகளே வல்லுநரின் விசைகளுமாதலால், கற்றதை மறந்து மீண்டும் கற்கும் தொல்லை எழவில்லை. கொழும்பில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், 1982 இல் வெளிவந்த ‘2010: ஒடிசி இரண்டு’ என்னும் நாவலை இம்மென்பொருளிலேயே எழுதினார்.

மைக்ரோசொப்ற் ஒபிஸ் 2000 வேறொரு வழியைக் கைக்கொண்டது. அரிதாகப் பயன்படும் கட்டளைகளை அது தானாகவே மறைத்தது. நோக்கம் நன்றே, விளைவு அன்று. நேற்றுக் கண்ட கட்டளை இன்று கண்ணிற் படாதபோது, புதியவர் தம் நினைவையே ஐயுற்றார். 2007 ஆம் ஆண்டுப் பதிப்பில் வேர்ட், எக்செல் ஆகியன அம்முறையைக் கைவிட்டன.

இன்று வங்கிக் கணக்கும் பரீட்சை விண்ணப்பமும் திரைக்குள் புகுந்துவிட்டன. அங்கே தடுமாறும் முதியவர், தமக்கு அறிவு போதாதென்று எண்ணி எழுந்து போய்விடுகிறார். அவர் பெறவேண்டியது அவருக்குக் கிட்டாமற் போகிறது. திரையின் முன் ஒருவர் திகைத்து நிற்பாராயின், அவரது அறிவை ஐயுறுமுன் கருவியின் அமைப்பை ஐயுறுவதே முறையாகும்.