தோட்டத்துக்கு எந்தச் செருப்பு?

தோட்டம் போடுகிறவர்கள் விதை, உரம், மண்வெட்டி என்று பத்து இடத்தில் விசாரிப்பார்கள். காலுக்கு மட்டும் வாசலில் கிடக்கும் பழைய ஹவாய் செருப்பு போதும். வீட்டிலுள்ள செருப்புகளில் தோட்டத்துக்குக் கொஞ்சமும் ஆகாதது அதுதான் என்பது என் கட்சி.

தேய்ந்த ஹவாயில் சீமைக்கருவேல முள் சுலபமாக ஏறிவிடும். ஈரத்தில் வழுக்கும், சேற்றில் இழுத்தால் வார் பிடுங்கிக்கொள்ளும். எல்லாவற்றையும்விட, விரல்கள் திறந்து கிடக்கும். வெளிநாட்டுத் தோட்டக்காரர்கள் மண்வாரியைக் காலால் மிதித்து அழுத்துகிறார்கள். அவர்களுக்குத் தடித்த அடிப்பாகம் முக்கியம். நம் மண்வெட்டியோ ஓங்கி, நம் காலை நோக்கியே இறங்குகிறது. நமக்குக் காவல் வேண்டியது கால்விரலுக்கு. மண் கொத்தவும் கடப்பாரை போடவும், கட்டட வேலைக்காரர்கள் போடும், முனையில் இரும்புத் தகடு வைத்த ஷூவுக்கு இணையில்லை. பாரம்தான், பழகிவிடும்.

மானாவாரிக் காட்டில் டயர் செருப்பு போட்டவர்களை நான் மதிக்கிறேன். லாரி டயரை அறுத்துத் தைத்த அந்தச் செருப்பில் முள் லேசில் ஏறாது. ஆனால் பாம்புக்கு அது தடையில்லை. பாம்புக்கடி பெரும்பாலும் விழுவது பாதத்திலும் கணுக்காலை ஒட்டியும்தான். சருகிலும் புல்லிலும் கண்ணாடி விரியன் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. புதர் வெட்டுகிறவர்களுக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை வரும் கம்பூட்தான் சரி.

வெறுங்காலில் மண்ணை மிதிப்பது உடம்புக்கு நல்லது என்று சொல்பவர்கள் உண்டு. சேற்று வயலில் வெறுங்காலின் லாகவம் எந்த பூட்ஸுக்கும் வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலம் கலந்த மண்ணில் வளரும் கொக்கிப்புழுவின் குஞ்சு, பாதத்துத் தோலைத் துளைத்தே உடம்புக்குள் போகிறது. பிறகு குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் நின்றால், சேற்றுப்புண் வழியே எலிக்காய்ச்சல் வரலாம்.

கம்பூட் வாங்க மாலையில் போங்கள். அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். நடக்கையில் குதிகால் உள்ளே மேலும் கீழும் வழுக்கக் கூடாது. சித்திரை வெயிலில் உள்ளே வியர்த்துப் புழுங்கும், அதனால் நாள் முழுக்கப் போடாதீர்கள். கழுவிக் கவிழ்த்து உலர்த்துங்கள். மறுநாள் உதறாமல் காலை விடாதீர்கள். தேளும் பூரானும் தங்க அதைவிட நல்ல இடம் அவற்றுக்குக் கிடைக்காது.

மாடித்தோட்டத்துக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. பாசி படிந்த தரையில் வழுக்காத, பின்பக்கம் வார் உள்ள ரப்பர் செருப்பு போதும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. முள் குத்தினாலும் உங்கள் காலுக்கு உறைக்காமல் போகலாம். மூடிய ஷூ இல்லாமல் தோட்டத்தில் இறங்காதீர்கள். வேலை முடிந்ததும் காலைக் கழுவித் துடைத்து, உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.