பொருளின் ஆயுளைக் குறிப்பவர் யார்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்)



வீட்டுப் பாவனைப் பொருள்களும் அவற்றின் ஆயுளும் என்பதே இன்று எமக்குத் தரப்பட்ட விடயம். மின்விசிறியையும் சலவை இயந்திரத்தையும் பற்றிப் பேசுவதற்கு ஒரு விழா மேடை வேண்டுமா என்று உங்களிற் சிலர் எண்ணலாம். வேண்டும் என்பதே எமது கருத்து. தவணை முறையில் வாங்கிய பொருள் தவணைப் பணம் கட்டி முடியுமுன்பே பழுதாகி மூலையில் கிடக்கும் வீடுகள் நம் ஊரிற் பல. திருத்தக் கொண்டு போனால் நாம் கேட்கும் விடை எங்கும் ஒன்றேயாகும்: “இதைத் திருத்துற காசுக்குப் புதிசு ஒண்டு வாங்கலாம்.”

இவ்விடை பெரும்பாலும் உண்மையே. சொல்பவர் நம்மை ஏமாற்றவில்லை. ஆனால் அது எவ்வாறு உண்மையாயிற்று என்பதைச் சற்று ஆராய்தல் நன்று. முதியோரைக் கேட்டால், “இப்பத்தைச் சாமான் எல்லாம் அப்படித்தான்” என்று கலிகாலத்தின்மேற் பழியைப் போடுவார்கள். வாலிபரைக் கேட்டால், விஞ்ஞானம் வேகமாக வளர்கிறது, பழையது கழிய வேண்டியதுதான் என்பார்கள். இரு சாராரும் ஒரு விடயத்தை மறந்துவிடுகின்றனர். ஒரு பொருள் பாவிக்கப் பாவிக்கத் தேய்ந்து கெடுவது வேறு. இத்தனை காலத்தில் கெடவேண்டும், கெட்டபின் எவரும் அதைத் திறக்கக் கூடாது என்று செய்யும்போதே தீர்மானிப்பது வேறு.

இப்படியும் தீர்மானிப்பார்களா என்று கேட்பவர்களுக்கு மின்குமிழின் கதையைச் சொல்லலாம்.

1924 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரில் உலகின் பெரிய மின்குமிழ்க் கொம்பனிகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. ஜெர்மனியின் ஒஸ்ராம், ஒல்லாந்தின் பிலிப்ஸ், பிரான்சின் கொம்பனி டி லாம்ப், அமெரிக்க ஜெனரல் இலெக்ற்றிக்கைச் சார்ந்த வெளிநாட்டுக் கொம்பனிகள் முதலியன அதில் இடம்பெற்றன. இக்கூட்டுக்கு ‘பீபஸ்’ என்று பெயர். கிரேக்கரின் ஒளித் தெய்வத்துக்கு வழங்கும் பெயர் அது. ஒளியின் ஆயுளைக் குறைக்கக் கூடியவர்கள் நல்ல பெயராகத்தான் தேடி எடுத்திருக்கிறார்கள்! அவர்கள் உலகச் சந்தையைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். வியாபாரிகள் செய்வதுதானே என்று அதை விட்டுவிடலாம். ஆனால் 1,500 மணித்தியாலம் முதல் 2,000 மணித்தியாலம் வரை எரிந்துவந்த குமிழை 1,000 மணித்தியாலத்துக்குக் கொண்டுவருவதென்றும் அவர்கள் முடிவுசெய்தார்கள். ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் குமிழ்களின் மாதிரிகளைப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். குறித்த எல்லையைக் கடந்து எரியும் குமிழ்களைச் செய்த கொம்பனி சுவிஸ் பிராங்கில் தண்டப்பணம் கட்டவேண்டும். அறுபது புள்ளிக்குமேல் எடுத்த பிள்ளையை வாங்கில் ஏற்றி நிறுத்தும் பள்ளிக்கூடம் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது இந்த ஏற்பாடு. 1939 இல் மூண்ட இரண்டாவது உலக யுத்தத்தோடு அக்கூட்டுச் சிதறிப்போயிற்று.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் மறைக்கலாகாது. இழை கொண்ட மின்குமிழில் இழையின் சூடு ஏற ஏற வெளிச்சம் கூடும். ஆனால் இழை விரைவில் அறும். சூட்டைக் குறைத்தால் நெடுநாள் எரியும். ஆனால் செலவாகும் மின்சாரத்துக்கு ஏற்ற வெளிச்சம் வராது. அமெரிக்காவிலே கலிபோர்ணியா மாநிலத்து லிவர்மோர் நகரத் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் எரிந்துவரும் குமிழொன்று உண்டு. அதை எல்லோரும் வியந்து பேசுவர். அது எரிவது 4 வாற்று அளவிலேதான்; அதன் கீழிருந்து பிள்ளைகள் பாடம் படிக்க முடியாது. 1951 இல் இவ்விடயத்தை ஆராய்ந்த பிரித்தானிய ஏகபோக ஆணைக்குழுவும் 1,000 மணித்தியாலம் என்பது பொதுவாக நியாயமானதோர் இணக்கம் என்றே கருதியது. இருக்கலாம். படிக்கும் அறைக்குப் பிரகாசமான குமிழ் வேண்டும். மாட்டுக்கொட்டிலுக்கும் கிணற்றடிக்கும் மங்கலானாலும் நெடுநாள் எரியும் குமிழே போதும். எதை எங்கே பூட்டுவது என்று தெரிவு செய்யும் உரிமை வாங்குபவனுடையதா, ஜெனீவாவில் இருந்தவர்களுடையதா என்பதே எமது கேள்வி.

இதே கதை நம் காலத்தில் வேறு விதமாகத் திரும்பி வந்தது. எல்.ஈ.டி. குமிழைக் கெடுப்பது பெரும்பாலும் சூடு. சிறிய கீற்றுக்குள் மிகுந்த மின்னோட்டத்தைச் செலுத்தினால் குறைந்த விலையில் மிகுந்த வெளிச்சம் பெறலாம், ஆயுளோ குறையும். 2016 இல் துபாய் நகரசபையுடன் சேர்ந்து பிலிப்ஸ் கொம்பனி ஒரு குமிழை வெளியிட்டது. அதிலே ஒளிரும் கீற்றுகளைக் கூட்டி, ஒவ்வொன்றிலும் பாயும் மின்னோட்டத்தைக் குறைத்தார்கள். சூடு தணிந்தது, மின்செலவு குறைந்தது, ஆயுளும் நீண்டது. 1924 இல் ஆயுளைக் குறைத்தவர்களுள் ஒருவராயிருந்த அதே கொம்பனிதான் இதையும் செய்தது. இம்முறை கேட்டது ஒரு நகரசபை, ஆகவே கிடைத்தது. தனியொரு வீட்டுக்காரர் கேட்டிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறோம்.

அமெரிக்கரோ இதை ஒரு தத்துவமாகவே வளர்த்தார்கள். ஹென்றி போர்ட் தமது ‘ரி’ மாதிரிக் காரை 1908 முதல் 1927 வரை அடிப்படையில் மாற்றாது செய்து, ஒன்றரைக் கோடி கார்களை விற்றார். அவரை முந்த விரும்பிய ஜெனரல் மோட்டோர்ஸ், ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றி, சென்ற ஆண்டுக் காரில் ஏறுவதற்கே கூச்சப்படும்படி செய்தது. 1932 இல், பொருளாதார மந்த காலத்திலே, பேர்ணாட் லண்டன் என்பவர் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினார். ஒவ்வொரு பொருளுக்கும் அரசாங்கமே ஆயுட்காலம் விதிக்கவேண்டும், அக்காலம் முடிந்ததும் அதைச் சட்டப்படி இறந்ததாகக் கொண்டு அழித்துவிடவேண்டும் என்பது அவருடைய யோசனை. தொழிற்சாலைகளுக்கு வேலை கிடைக்குமாம்! அரசாங்கம் அதை ஏற்கவில்லை. அச்சட்டம் இல்லாமலே காரியம் நடந்துவிட்டது.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். பழைய வால்வு வானொலிப் பெட்டியை நினைவுள்ள பெரியோர் இச்சபையில் இருக்கிறார்கள். பின்புற மட்டையை நான்கு திருகாணிகளில் கழற்றலாம். எந்த வால்வு எந்த இடத்துக்கு உரியது என்று காட்டும் படத்தையும் பல பெட்டிகளின் உள்ளே ஒட்டியிருப்பார்கள். செய்தவனே திருத்துபவனுக்கு எழுதிவைத்த கடிதம் அது. இன்றைய பொருள்களைத் திறந்து பாருங்கள், திறக்க முடிந்தால். மலிவான மேசை மின்விசிறி பலவற்றில், சூடேறினால் உருகி மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு பியூஸ் ஒன்று மோட்டரின் கம்பிச் சுற்றுக்குள் புதைந்திருக்கிறது. தீப்பற்றாமற் காப்பதற்கு வைத்தது, நல்ல காரியம். ஆனால் அதை மாற்றுவதற்கு வழி வைக்கவில்லை. சொற்ப விலைப் பொருளுக்காக முழு மோட்டரும் குப்பைக்குப் போகிறது. சலவை இயந்திரத்தில் முதலில் தேய்வது தொட்டியின் அச்சைத் தாங்கும் பெயரிங். முன்னர் தொட்டியை இரு பாதியாகத் திருகாணியிற் பூட்டினார்கள், பெயரிங்கை மாற்றலாம். பின்னர் வந்த பல மாதிரிகளில் இரு பாதியையும் உருக்கி ஒட்டிவிட்டார்கள். இப்பொழுது பெயரிங் வேண்டுமானால் தொட்டி முழுவதையும் வாங்கவேண்டும். தொட்டியின் விலையைக் கேட்டவர் புதிய இயந்திரத்தையே வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்.

கைத்தொலைபேசியைப் பற்றி வாலிபருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. முன்னர் நகத்தால் மூடியைக் கிளப்பிப் பற்றறியை மாற்றினோம். பின்னர் அதைப் பசையிட்டு ஒட்டிவிட்டார்கள். பற்றறி தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததை 2017 இல் அப்பிள் கொம்பனியே ஒப்புக்கொண்டது. தொலைபேசி திடீரென்று நின்றுபோகாமற் காப்பதற்காகவே அவ்வாறு செய்ததாக விளக்கம் கூறியது. பாவிப்பவருக்கு அறிவிக்காத குற்றத்துக்காகப் பிரான்சில் 2020 இல் இரண்டரைக் கோடி யூரோ கட்ட நேர்ந்தது. அறிவித்திருந்தால் பலர் பற்றறியை மட்டும் மாற்றியிருப்பார்கள். அறியாதவர்களோ தொலைபேசியே கிழடாகிவிட்டது என்று நினைத்துப் புதியதை வாங்கினார்கள்.

திறந்து மூடக்கூடியதாகப் பொருளைச் செய்வது அரிய வித்தையன்று. நம் வீட்டுக் குத்துவிளக்கைப் பாருங்கள். அடி வேறு, தண்டு வேறு, அகல் வேறு, முடி வேறு. எல்லாம் புரி வைத்துத் திருகிப் பூட்டியவை. கழற்றிப் புளியிட்டுத் துலக்கி மறுபடி பூட்டுகிறோம். துவிச்சக்கர வண்டியும் அவ்வாறே. நாலைந்து சாவிகள் இருந்தால் சைக்கிள் கடைத் தம்பி அதை ஆணி ஆணியாகப் பிரித்துவிடுவார். ஒரு கொம்பனியின் வண்டிக்கு இன்னொரு கொம்பனியின் உதிரிப்பாகம் பெரும்பாலும் பொருந்தும்.

இதன் பெறுமதியை நம்மவரைப்போல் அறிந்தவர் குறைவு. 1990 முதல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. எரிபொருளும் பற்றறியும் தடைப்பட்டன. அக்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தலில் சொட்டு மண்ணெண்ணெயில் எரியும் விளக்குச் செய்து பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்களைச் சிறிது பெற்றோலிற் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். இதை வீரப்பிரதாபமாகச் சொல்ல நாம் விரும்பவில்லை. அது துன்பகாலம், அது மீண்டும் வரவேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அன்றைய கராஜ்காரரின் சாமர்த்தியம் பாதி. மறு பாதி, அந்தக் கார் திறக்கக்கூடியதாக இருந்தது. கார்புரேற்றரைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்க்க முடிந்தது. இன்றைய கணினி வைத்த காரை அவரிடம் கொடுத்திருந்தால், அத்தனை கெட்டித்தனமும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கும்.

2022 இல் நாடு முழுவதும் வேறொரு பாடம் படித்தது. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் சில வாரங்களில் 300 ரூபாவைத் தாண்டி, பின்னர் 360 ரூபாவை எட்டியது. வெளியிலிருந்து வரும் பொருளை எறிந்துவிட்டு மற்றொன்றை வாங்குவதென்றால் டொலரையே எறிவது என்பது அப்போது சமையலறைவரை விளங்கியது. திருத்தும் கூலியோ ரூபாவாக நம் ஊரிலேயே தங்குகிறது.

பிற நாடுகள் இதைச் சட்டத்தால் அணுகத் தொடங்கிவிட்டன. வேண்டுமென்றே பொருளின் ஆயுளைக் குறைப்பதைப் பிரான்சு 2015 இல் குற்றமாக்கியது. இரண்டு வருடச் சிறையும் மூன்று இலட்சம் யூரோ தண்டமும் விதிக்கலாம். 2021 முதல் அங்கே கைத்தொலைபேசி, சலவை இயந்திரம் முதலிய சில பொருள்களைத் திருத்துவது எவ்வளவு எளிது என்பதைப் பத்துக்கு இத்தனை என்று புள்ளியிட்டு விலைச்சீட்டின் அருகே காட்டவேண்டுமாயிற்று. அதே ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம், ஒரு மாதிரியைச் சந்தைக்கு விடுவதை நிறுத்திய பின்பும் சலவை இயந்திரத்துக்குப் 10 வருடமும் குளிர்சாதனப் பெட்டிக்குக் குறைந்தது 7 வருடமும் உதிரிப்பாகங்கள் கிடைக்கவேண்டுமென்று விதித்தது. 2023 இல் இயற்றிய பற்றறிச் சட்டத்தின்படி, 2027 பெப்ரவரி 18 முதல் கையடக்கப் பொருள்களின் பற்றறியைப் பாவிப்பவரே மாற்றக்கூடியதாக இருக்கவேண்டும். அங்கே விதித்த விதியால் நமக்கும் சிறிது நன்மை வந்துசேரும். ஒரே தொழிற்சாலைதானே இரு கண்டங்களுக்கும் செய்கிறது.

அதுவரை கடையில் நாம் வாய் திறந்து கேட்கலாம். நிறத்தையும் தவணையையும் கேட்கிறோம்; இதன் உதிரிப்பாகம் இங்கே கிடைக்குமா, யார் திருத்துவார், திருகாணியிற் பூட்டியதா ஒட்டியதா என்று கேட்பதில்லை. பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் கொம்பனிக்காரரிடம் கேட்பார். பெரியோருக்கும் ஒரு விண்ணப்பம்: திருத்துபவரிடம் பேரம் பேசுவதைச் சற்றுக் குறைக்கலாம். புதிய பொருளுக்குக் கேட்ட விலையைக் கொடுப்பவர்கள், இரண்டு மணித்தியாலம் குனிந்திருந்து வேலை செய்தவருக்கு நூறு ரூபா குறைக்கப் பார்க்கிறார்கள். அப்படியிருக்க, தம் மகனை அத்தொழிலுக்கு அவர் ஏன் அனுப்பப்போகிறார்? பழையதெல்லாம் நல்லது என்றும் நாம் வாதிடவில்லை. மின்சாரத்தை விழுங்கும் முப்பது வருடக் குளிர்சாதனப் பெட்டியை மேன்மேலும் திருத்துவது சிக்கனமாகாது. வயர் வெடித்த அயன் பெட்டியை ஒட்டுப்போட்டுப் பாவிப்பது ஆபத்து.

நெதர்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரிலே மாட்டீன் பொஸ்ற்மா என்ற பெண்மணி 2009 இல் ‘றிப்பெயர் கபே’ என்ற ஒன்றைத் தொடங்கினார். அயலவர் பழுதான பொருளைக் கொண்டுவருவர். தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டிக்கொடுத்து இருவருமாகத் திருத்துவர். பின்னர் அது பல நாடுகளிற் பரவிற்று. நமது வாலிபர் பிரிவினரும் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க மண்டபத்தில் இரண்டு மேசைகள் போட எண்ணியுள்ளார்கள். ஒரு மேசையில் மின்சாரப் பொருள்கள். மற்றதில் தையல் மெசினும் சைக்கிளும். தொழில் தெரிந்த பெரியவர்கள் கதிரையில் இருந்து சொல்லிக் கொடுத்தாற் போதும். குனிந்து வேலை செய்யப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலைக்குக் கட்டணமில்லை, பாகத்தின் விலையை மட்டும் கொடுக்கவேண்டும். பொருளைக் கொண்டுவருபவர் மேசையருகே இருக்கவேண்டும். விட்டுவிட்டுப் போகக் கூடாது.

இன்னுமொன்று. வீட்டிலே ஏற்கெனவே கழற்றிப் பார்த்தவர்கள், தயவுசெய்து கழன்ற திருகாணிகளை ஒரு சிறு பேணியில் போட்டுப் பொருளோடு கொண்டுவாருங்கள். திறப்பதற்கு ஆள் இருக்கிறது; ஆணி இல்லாமல் மூடுவதுதான் கடினம்.