சாதாளைக்குள் இரு குலம்

காற்றுக் காலத்தில் யாழ்ப்பாணக் கடனீரேரியின் கரைகளில் ஒதுங்கி மட்கி, தென்னையடியில் பசளையாகத் தாழ்க்கப்படும் கும்பலைச் சாதாளை என்று ஒரே பெயரால் வழங்கினாலும், அதனுள் இரு வேறு குலத்தவை கலந்து கிடக்கின்றன. வேரும் பூவும் உடைய கடற்புல் ஒன்று. வேரின்றி, பற்றுறுப்பு எனப்படும் சிறு பிடிப்பினால் கல்லையோ முருகையையோ கவ்விக்கொண்டு, உடல் முழுவதாலும் நீரிலிருந்தே ஊட்டம் உறிஞ்சும் கடற்பாசி மற்றொன்று. பாக்கு நீரிணைப் பகுதி ஆழம் குறைந்ததாகையால் வெயில் அடித்தரைவரை இறங்குகிறது. அங்கே தழைக்கும் பாசிக் கிளைகளிடையே இறாற்குஞ்சுகள் ஒளிந்து வளர, ஓரா மீன் மாடுபோல மேய்கிறது. 'சிலோன் மொஸ்' என முன்னர் வணிகப் பெயர் பெற்ற கஞ்சிப்பாசியும், அகார் என்னும் கூழ்ப்பொருளைத் தரும் கடற்பாசிக் குலத்ததே.

அடிமட்ட இழுவைமடி தரையை வாரிச் செல்கையில், மீனோடு பாசி பற்றியிருந்த கல்லும் பெயர்ந்துவிடுகிறது. இலங்கை இத்தொழிலை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. எல்லை கடந்துவரும் படகுகள்தான் ஓயவில்லை.

இயற்கைப் பாசியின் அழிவு இவ்வாறிருக்க, பாசி வளர்ப்பு அனைத்தும் நன்மையே என்று கொள்வதற்கும் இல்லை. கயிற்றில் கட்டி வளர்க்கப்படும் கப்பாபைக்கஸ் என்னும் அயலினம் வருமானம் தருவது உண்மையாயினும், மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் அது பவளங்கள்மேல் படர்ந்து, ஒளியை மறைத்து, அவற்றை மூடியமை 2008இல் பதிவாகியது. அறுந்த சிறு துண்டே மீண்டும் தளிர்க்கும் தன்மையதாகையால், வடகடலில் கயிறுகளை எத்தனை கட்டுவது என்பதைவிட எங்கே கட்டுவது என்பதே முதற்கேள்வி.