வீட்டிலேயே வாசனைத் தைலம் கலக்கலாம்
(உழவர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



எலுமிச்சைப்புல் பயிரிடுவோர் புல்லை வடித்தபின் வீட்டு உபயோகத்துக்கென ஒரு சிறு புட்டித் தைலத்தை நிறுத்திக் கொள்வது வழக்கம். கடையில் நீலகிரித் தைலம் வாங்கி வைத்திருப்போரும் உண்டு. கொசுவுக்குப் பூசவும், மூட்டு வலிக்குத் தேய்க்கவும், துணிப் பெட்டியில் வைக்கவும் இவற்றை எப்படிக் கலப்பது என்று பலரும் கேட்கிறீர்கள். முறை எளிதுதான். அளவில்தான் எல்லாம் இருக்கிறது.

நூறு கிலோ பச்சைப் புல்லை வடித்தால் சுமார் 300 கிராம் தைலமே கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சொட்டுத் தைலத்துக்குள் ஏறக்குறைய 15 கிராம் புல் அடங்கியிருக்கிறது. ஆகவே இது நல்லெண்ணெயைப் போல உள்ளங்கையில் ஊற்றித் தேய்க்கும் பொருள் அன்று. எலுமிச்சைப்புல் தைலத்தில் முக்கால் பங்கு அளவுக்கு சிட்ரால் என்னும் பொருள் இருக்கிறது. வாசனை தருவதும் அதுவே, தோலை எரிப்பதும் அதுவே. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் தடிப்பு வந்துவிடும். 'நம் வயலில் விளைந்ததுதானே, என்ன செய்துவிடும்' என்று நினைக்க வேண்டாம்.

தோலில் பூசுவதற்குத் தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ அடிப்படையாக இருக்க வேண்டும். தண்ணீர் உதவாது. தண்ணீரில் தைலம் கரையாமல் மேலே மிதக்கும். குளிக்கும் நீரில் விட்டால் அப்படியே உடம்பில் ஒட்டி எரியும். கொசுவுக்கு 50 மி.லி. தேங்காயெண்ணெயில் எலுமிச்சைப்புல் தைலம் 5 சொட்டு, பாமரோசாத் தைலம் 5 சொட்டு விட்டுக் குலுக்கினால் போதும். இருபது சொட்டு ஏறத்தாழ ஒரு மி.லி. ஆகும். அதாவது நூற்றுக்கு ஒரு பங்கு. மூட்டு வலிக்கு 50 மி.லி. நல்லெண்ணெயில் நீலகிரித் தைலம் 20 சொட்டு விடலாம். இது பெரியவர்களுக்கு மட்டும். எதுவானாலும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். கொசு எண்ணெயின் பலன் ஒன்றிரண்டு மணி நேரமே நிற்கும். கொசுவலையை மடித்து வைத்துவிடாதீர்கள்.

எலுமிச்சம்பழத் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயைப் பூசிக்கொண்டு வயலுக்குப் போகக் கூடாது. வெயில் பட்டதும் தோல் வெந்து கறுத்துவிடும்.

துணிப் பெட்டிக்கான கலவையில்தான் கைவண்ணம் காட்டலாம். தைலங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. நீலகிரித் தைலம் முதலில் பறந்துவிடும், புல் தைலங்கள் சற்று நிற்கும், வெட்டிவேர்த் தைலம் நாட்கணக்கில் தங்கும். கடலூர்ப் பக்கத்துக் கடற்கரை மணலில் விளையும் அந்த வேரின் அருமை இதுதான்: மற்ற வாசனைகளையும் பிடித்து நிறுத்தும். எலுமிச்சைப்புல் 4 சொட்டு, பாமரோசா 2 சொட்டு, வெட்டிவேர் 1 சொட்டு எனத் தொடங்குங்கள். ஒரு காகிதத் துண்டில் நனைத்து உடனே ஒருமுறை, ஒரு மணி கழித்து ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். முதல் நாள் எனக்குப் பிடித்த கலவை மறுநாள் வெறும் வேர் நாற்றமாக இருந்ததும் உண்டு. குழம்பில் உப்பைப் போல, விட்ட சொட்டைத் திரும்ப எடுக்க முடியாது. எத்தனை சொட்டு என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கலவையைப் பஞ்சில் நனைத்துப் பெட்டியின் மூலையில் வைக்கலாம். துணியில் படக் கூடாது, கறை பிடிக்கும்.

தைலத்தை அடுப்பருகே வைத்துக் கலக்க வேண்டாம், எளிதில் தீப்பற்றும். அடியில் நீர் தங்கியிருந்தால் தெளியவிட்டுப் பிரித்துவிடுங்கள். நிறமுள்ள கண்ணாடிப் புட்டியில் கழுத்துவரை நிரப்பி, வெளிச்சம் படாமல் வையுங்கள். பிளாஸ்டிக் புட்டி ஆகாது. சொட்டுக் குழலைப் புட்டியிலேயே செருகி வைத்தால் அதன் ரப்பர் ஊதிப் பாழாகும்.

புட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டில் காலியான இருமல் டானிக் புட்டியில் நீலகிரித் தைலத்தை ஊற்றி வைத்தேன். சீட்டும் ஒட்டவில்லை. என் தாயார் பேரனுக்கு இருமல் என்று அதைக் கரண்டியில் ஊற்றிவிட்டார். வாசனை மூக்கில் ஏறியதால் குழந்தை தப்பினான். தவறு முழுவதும் என்னுடையது, படித்தவன் செய்தது. ஒரு தேக்கரண்டித் தைலம் உள்ளே போனால் குழந்தைக்கு வலிப்பும் மயக்கமும் வரக்கூடும். கற்பூரமும் அப்படியே. சளிக்கென்று கைக்குழந்தையின் மூக்கிலும் மார்பிலும் இவற்றைத் தடவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மருந்துப் புட்டியில் தைலத்தை ஊற்றாதீர்கள். பெயரெழுதி ஒட்டி, எட்டாத உயரத்தில் வையுங்கள். குழந்தை விழுங்கிவிட்டது தெரிந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், அந்தப் புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.